ரெண்டு பரப்புக்குள்ள ஒரு மரக்கறித் தோட்டம்: கிளிநொச்சி ரவுணில நான் படிச்சது

"அக்கா, என்ன விதை வாங்கிறது, எப்ப போடுறது" எண்டுதான் எல்லாரும் முதல்ல கேக்கினம். நான் திருப்பிக் கேக்கிறது உங்கட குசினியில கழுவிற தண்ணி எங்க போகுது எண்டு. பாதிப்பேருக்குத் தெரியாது. சுவருக்கு வெளிய ஒரு பைப் நீட்டிக்கொண்டு நிக்கும், அதுக்குக் கீழ சேறு, சேத்துக்குள்ள ரெண்டு தவளை. அந்தச் சேத்தில இருந்துதான் தோட்டம் தொடங்க வேணும், விதைக்கடையில இருந்து இல்லை.

ஏன் இப்பிடிச் சொல்லுறன் எண்டால் 2022ஆம் ஆண்டு நடந்ததைக் கண்ணால பாத்தனான். சாமான் விலை ஏறி, பெற்றோல் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை எண்டு சனம் நிண்ட நேரம், ஆனி மாதம் அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னவை. நல்ல நோக்கம்தான், ஆனா ஆனி மாதம் வன்னியில என்ன நடக்கும் எண்டு எங்கட அம்மம்மாவைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா. சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து அடிக்கிற நேரம், மண் ஓடு மாதிரிக் கிடக்கும், கிணத்துத் தண்ணி கீழ போகத் தொடங்கும். எங்கட ஒழுங்கையில எல்லாரும் ஓடிப்போய் விதை வாங்கி உரப்பையில நட்டவை, ஆவணி வரேக்க உரப்பை மட்டும்தான் மிச்சம். அதுக்குப் பிறகு கனபேர் "ரவுணுக்குள்ள இது சரிவராது" எண்டு விட்டிட்டினம். சரிவரும், தொடங்கின மாதம்தான் பிழை.

எங்கட மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. தையில கொஞ்சம் தூறும், பங்குனி சித்திரையில பின்னேரம் ஒண்டு ரெண்டு இடிமழை, மிச்சம் முழுக்க வெயில். அதாலதான் பெரும்போகத்தை நம்பி வயல் செய்யினம், சிறுபோகம் குளத்தில தண்ணி இருந்தாத்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணி வாய்க்காலால வயலுக்குப் போகும், ரவுண் வளவுக்கு வராது. முந்தி அரை ஏக்கர் கால் ஏக்கர் எண்டு இருந்த வளவெல்லாம் இப்ப பிள்ளையளுக்குப் பிரிச்சு, சீதனம் குடுத்து, ரெண்டு பரப்பு மூண்டு பரப்பாப் போச்சு (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், தெரியாத ஆக்களுக்கு). அதில வீடு, கிணறு, மலசலகூடம், மோட்டச்சைக்கிள் விட ஒரு கொட்டில் எண்டு போனா மிஞ்சிறது கோடிப்பக்கம் ஒரு துண்டும் மதிலோரமும்தான். எனக்கும் அவ்வளவுதான். ஐயா விசுவமடுவில மிளகாய்த் தோட்டம் செய்த மனிசன், இந்தத் துண்டைப் பாத்திட்டு "இதில கோழி கூட நிக்காது பிள்ளை" எண்டவர், இப்ப காலமை எழும்பினா முதல் போய் நிக்கிறது அதிலதான்.

சரி, தண்ணிக்கு வாறன். குசினித் தண்ணி, குளிக்கிற தண்ணி போற இடத்தில மூண்டடி அகலம், ரெண்டடி ஆழத்தில ஒரு கிடங்கு வெட்டி அடியில உடைச்ச ஓடு, செங்கட்டி, அதுக்கு மேல தென்னமட்டை, சருகு எல்லாம் போட்டு நிரப்புங்கோ, கிடங்கைச் சுத்தி ரெண்டு வாழையும் ஒரு பப்பாசியும் வையுங்கோ. புதுசாக் கண்டுபிடிச்ச விசயம் இல்லை, கிணத்தடி வாழை எண்டு எங்கட ஆக்கள் எந்தக் காலத்திலயோ செய்ததுதான், ரைல்ஸ் போட்டு பைப் இழுத்தவுடன மறந்திட்டம். சோப்புத் தண்ணி வாழைக்கு ஒண்டும் செய்யாது, ஆனா பிளீச்சிங் போட்ட தண்ணியும் உடுப்புத் தோய்ச்ச முதல் தண்ணியும் வேண்டாம். கீரைக்கும் பச்சையாச் சாப்பிடுற சாமானுக்கும் இந்தத் தண்ணியைக் காட்டவே கூடாது. அரிசி கழுவின தண்ணி, மரக்கறி கழுவின தண்ணி ரெண்டையும் வாளியில புறம்பா எடுத்து வைச்சா அது பாத்திக்கு நேரா ஊத்தலாம்.

மழைத்தண்ணிக் கணக்கு ஒண்டு சொல்லுறன், நான் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டனான். ஒரு சதுர மீற்றர் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தா ஒரு லீற்றர் தண்ணி. 500 சதுர அடி வீடு எண்டால் கிட்டத்தட்ட 46 சதுர மீற்றர், 20 மில்லிமீற்றர் மழை ஒண்டு பெஞ்சா 900 லீற்றருக்கு மேல ஓடி ரோட்டுக்குப் போகுது. முழுக்கப் பிடிக்க ஏலாது, ஆனா பீலி கட்டி ரெண்டு 200 லீற்றர் பரல் வைச்சா மழை விட்ட ரெண்டு கிழமைக்குக் கிணத்தைத் தொடத் தேவையில்லை. பரலுக்கு மூடி கட்டாயம், மூடியில்லாட்டி நுளம்புவலைத் துணியை ரியூப் றபரால இறுக்கிக் கட்டுங்கோ, கார்த்திகை மார்கழிதான் டெங்கு வாற காலம், பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நுளம்புக் குடம்பி கண்டாரெண்டால் தோட்டக் கதை சொல்லித் தப்பேலாது.

பூநகரி, கண்டாவளைப் பக்கம் கிணறு உவர் எண்டால் பயித்தைக்குப் பின்னால அலையாதேங்கோ, அது உப்புக்குத் தாங்காது. பீற்றூட் ஓரளவு தாங்கும், தென்னை தாங்கும், மிச்சத்துக்கு மழைத்தண்ணியைப் பொத்திப் பொத்தி வைச்சிருக்க வேண்டியதுதான்.

மண்ணைக் கொத்த முதல் ஒண்டு. வேற ஊர் ஆக்களுக்கு இது தேவையில்லாத கதை, எங்களுக்குத் தேவை. கண்ணிவெடி அகற்றி விட்ட காணியெண்டாலும் 2009க்குப் பிறகு ஆருமே கிண்டாத மூலை எண்டு ஒண்டு இருக்கும், அதில அலவாங்கு போடேக்க அவதானம், இரும்பு மாதிரி எதும் தட்டுப்பட்டா இழுத்துப் பாக்காதேங்கோ, தட்டிப் பாக்காதேங்கோ, அடையாளத்துக்கு ஒரு தடி நட்டிட்டு விலகி நிண்டு கிராம சேவையாளருக்கோ பொலிசின்ர 119க்கோ சொல்லுங்கோ. அந்த மாதிரி மூலையில சருகு குவிச்சு நெருப்பு வைக்கவும் வேண்டாம். சின்னப்பிள்ளையளுக்கும் சொல்லி வையுங்கோ.

அடுத்தது மண். எங்கட செம்மண் காஞ்சா செங்கல், நனைஞ்சாக் களி. அதை அப்பிடியே வாளியில போட்டா ரெண்டு மாதத்தில இறுகி வேர் மூச்சு விடேலாது. நான் கலக்கிறது மேல்மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. உமி எங்களுக்குக் கஷ்டமே இல்லை, நெல்லு விளையிற ஊர், மில்லுக்குப் பக்கத்தில மலை மாதிரிக் கிடக்கும், உரப்பையோட போனா அள்ளிக்கொண்டு போ எண்டு விடுவினம். கருக்கிறது இப்பிடி: பெரிய பால்மாப் பேணி ஒண்டில சுத்திவர ஆணியால ஓட்டை போட்டு, அதுக்குள்ள சிரட்டை, சுள்ளி வைச்சு நெருப்பு மூட்டி, பேணிக்கு மேல ஒரு பைப் துண்டைப் புகைபோக்கியா நிறுத்தி, சுத்திவர உமியைக் கும்பமாக் குவிச்சு விடுங்கோ. உள்ளுக்க இருந்து ஆறுதலாக் கறுத்துக்கொண்டு வரும், வெளிப்பக்கம் கறுக்கத் தொடங்கேக்க மண்வெட்டியால புரட்டி, முழுக்கக் கறுத்தவுடன பரப்பித் தண்ணி ஊத்திப்போட வேணும். இந்த இடத்தில போன் கோல் எடுத்துக் கதைச்சுக்கொண்டு நிண்டா சாம்பல்தான் மிஞ்சும், நான் ரெண்டு தரம் அப்பிடிச் செய்திருக்கிறன். கரியா இருக்க வேணும், வெள்ளைச் சாம்பலாகக் கூடாது. கரி மண்ணைப் பொலுபொலு எண்டு வைச்சிருக்கும், ஈரத்தையும் பிடிச்சு வைச்சிருக்கும்.

கூட்டெருவுக்கு மூண்டு சாமான் காணும். காஞ்ச சருகு, பச்சைக் குழை, மாட்டுச்சாணி. குழைக்கு சீமைக்கிளுவையை விடச் சிறந்தது இல்லை, வேலியில கதியாலா (நட்டாத் துளிர்க்கிற வேலித்தடி) நிக்கிறதை வெட்டினா ரெண்டு மாதத்தில திருப்பித் தழைக்கும், தழைச்சத்து நிறைய இருக்கிற குழை. ஒரு அடிக்குச் சருகு, அதுக்கு மேல குழையும் குசினிக் கழிவும், சாணியைக் கரைச்சு ஊத்தி, திருப்பிச் சருகு, இப்பிடி இடுப்பளவு வரைக்கும் அடுக்கி மேல கிடுகு போட்டு மூடி, ரெண்டு கிழமைக்கு ஒருக்காப் புரட்டினா மூண்டு மாதத்தில மண் மணக்கிற எரு வரும். நாத்தம் வந்தாத் தண்ணி கூட, சருகு போட்டுப் புரட்டுங்கோ. ஒண்டும் நடக்காமக் கிடந்தா ஈரம் காணாது. சோறு, இறைச்சி, மீன்கழிவு இதுக்குள்ள போட்டா ஊரில இருக்கிற நாயெல்லாம் உங்கட வளவுக்குள்ளதான், மீன்கழிவை முருங்கைக்கோ தேசிக்கோ பக்கத்தில ரெண்டடி ஆழத்தில தாட்டு விடுங்கோ. கோழியெருவைப் புதுசாப் போடாதேங்கோ, சூட்டில கண்டு கருகிப்போம், மூண்டு மாதமாவது உக்க வேணும்.

நடுறதுக்கு உரப்பை எண்டு எல்லாரும் சொல்லுவினம், வெயிலில ஒரு வருசத்தில பொடிப்பொடியாக் கிழிஞ்சு நூல் நூலா மண்ணுக்குள்ள போகும், பிறகு பொறுக்கி முடியாது. என்ர விருப்பம் பெயின்ற் வாளிதான், அடியில நாலைஞ்சு ஓட்டை போட்டு, நல்லாக் கழுவி எடுத்தா பல வருசம் நிக்கும். ஒரு வாளிக்கு ஒரு கத்தரி, இல்லாட்டி ஒரு தக்காளி, மிளகாய் எண்டால் ரெண்டு. நிலத்தில பாத்தி கட்டுற ஆக்கள் ஒரு அடி உயரத்துக்காவது உயர்த்துங்கோ. 2018 மார்கழி வெள்ளத்தை மறந்திருக்க மாட்டியள், ஒரு இரவில கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள்ள நிண்டது, அவ்வளவு வராட்டியும் கார்த்திகை அடைமழையில தாழ்ந்த பாத்தி எண்டால் மிளகாய்க் கண்டு ரெண்டு நாளில வாடி விழும்.

இப்பதான் விதை. ஆவணி கடைசியில இல்லாட்டி புரட்டாதியில நாத்துமேடை போடுங்கோ. ஐயாவின்ர முறை, மேடைக்கு மேல வைக்கலும் உமியும் பரப்பி எரிச்சு, ஆறவிட்டுக் கிளறிப்போட்டுத் தூவுறது, அதில பங்கசும் களை விதையும் கனக்க அழிஞ்சு போகும். கத்தரி, மிளகாய், தக்காளி மேடையில வளந்து நாலு கிழமையில நடலாம். வெண்டி, பயித்தை, புடோல், பாவல், பூசணி நேரா இடத்தில போடுறது. வெண்டியும் பயித்தையும் ரெண்டு மாதத்துக்குள்ள காய்க்கத் தொடங்கும், முளைக்கீரை ஒரு மாதத்தில பிடுங்கலாம், அதால முதல்தரம் செய்யிற ஆக்கள் கீரையில தொடங்கினா மனம் விட்டுப்போகாது. தக்காளி பகல் வெக்கை கூடினாப் பூவைக் கொட்டிப்போடும், மார்கழி தை மாசிக்குக் காய்க்கிற மாதிரி நட வேணும், சித்திரையில தக்காளி நட்டிட்டுப் பூ கொட்டுது எண்டு அழக்கூடாது. கரட், லீக்ஸ் மலைநாட்டுக்காரர் செய்யட்டும்.

இனம் எதை எடுக்கிறது எண்டால் விவசாயத் திணைக்களத்தின்ர இனங்கள், மிளகாயில எம்.ஐ.2, தக்காளியில திலின, வெண்டியில ஹரித மாதிரி, விதையைத் திருப்பி எடுத்து நடலாம். கடையில பளபள பக்கற்றில வாற ஹைபிரிட் நல்லாக் காய்க்கும், ஆனா அதின்ர விதையை எடுத்து நட்டா தாயைப் போல வராது. ஒருக்கா ஒரு கடையில நான் வாங்கின பயித்தை விதை முப்பதில நாலுதான் முளைச்சது, பக்கற்றில திகதியைப் பாக்காதது என்ர பிழை. அதுக்குப் பிறகு பத்து விதையை ஈரத்துணியில சுத்தி வைச்சு எத்தினை முளைக்குது எண்டு பாத்திட்டுத்தான் நடுறது. சந்தேகம் எண்டால் கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரைப் பிடிக்கலாம், விவசாயத் திணைக்களத்தின்ர 1920 இலக்கத்துக்கு போன் அடிச்சாலும் தமிழில சொல்லுவினம். அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர விவசாய பீடம் இருக்கு, எங்கட மூக்குக்குக் கீழ, எத்தினை பேர் அங்க போய் ஒரு கேள்வி கேட்டிருக்கிறம்?

வெயில் தொடங்கினவுடன மூடுங்கோ. வைக்கல், சருகு, பனையோலைத் துண்டு, எது கிடைச்சாலும் கண்டைச் சுத்தி நாலு விரல் தடிப்புக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்தில இதுக்குப் பத்திரக்கலவை எண்டு பேர், நான் படிக்கேக்க என்னவோ ஒரு மருந்து எண்டு நினைச்சனான். தண்ணிச் செலவு எனக்குக் கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சது. மேற்குப் பக்கம் அகத்தி நாலு நட்டா சோளகத்தையும் மறிக்கும், பின்னேர வெயிலையும் மறிக்கும், சுண்டவும் இலை கிடைக்கும். தண்ணி காலமை வெள்ளன ஊத்துங்கோ, மத்தியானம் வேண்டாம்.

பூச்சிக்கு மருந்துக்கடைக்கு ஓட முதல் வேம்பைப் பாருங்கோ. வேப்பம்பழம் கொட்டுற காலத்தில பொறுக்கிக் காயவைச்ச கொட்டை, தோல் நீக்கின பருப்பு 50 கிராம் இடிச்சு ஒரு லீற்றர் தண்ணியில இரவு ஊறப்போட்டு, காலமை வடிச்சு வைச்சு, கொஞ்சம் சோப்புக் கரைச்சு, பின்னேரம் இலைக்குக் கீழ்ப்பக்கமா அடிக்க வேணும், கிழமைக்கு ஒருக்கா. பூச்சி உடன விழாது, தின்னுறதை விட்டிட்டு மெல்ல மெல்லக் குறையும், அதுக்குப் பொறுமை வேணும். வெள்ளை ஈக்கு மஞ்சள் பெயின்ற் அடிச்ச தகரத்தில கிறீஸ் பூசித் தொங்கவிட்டா ஒட்டும். கத்தரியில குருத்து வாடித் தொங்கினா உள்ளுக்க புழு, ஒரு சாண் கீழ வெட்டித் தீயில போடுங்கோ, எறிஞ்சு விடாதேங்கோ. ஆபிரிக்க நத்தை மழைக்குப் பிறகு இரவில வரும், ரோச் லைற்றும் கையுறையும் உப்புத் தண்ணி வாளியும்தான் மருந்து, வெறுங்கையால தொடாதேங்கோ. குரங்குக்கு என்ன செய்யிறது எண்டு என்னைக் கேக்காதேங்கோ, வலை போட்டுப் பாத்தனான், வலையையே கொண்டு போட்டுது.

ஆனா எல்லாத்தையும் விடப் பெரிய பிரச்சினை கட்டாக்காலி மாடு. இதிலதான் ஒழுங்கைக் கதை வருது. ஒரு வீடு தனிய வேலி அடைச்சா மாடு பக்கத்து வளவால வரும், அந்த வேலி பொத்தல் எண்டால் உங்கட வேலியும் பொத்தல்தான். எங்கட ஒழுங்கையில 2023இல முதல் சேந்து செய்த வேலை தோட்டம் இல்லை, வேலி. தலைப்பில ஒரு படலை போட்டு, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கட பக்கத்துக்குக் கதியால் போட்டு அடைச்சவை. பெரிய சங்கம், தலைவர், செயலாளர் எண்டு ஒண்டும் வைக்கேல்லை, வைச்சிருந்தா ஆர் தலைவர் எண்ட சண்டையிலயே மாடு மேஞ்சு முடிச்சிருக்கும்.

அதுக்குப் பிறகு ஒவ்வொண்டாச் சேந்துது. நாத்துமேடை ஒரு வீட்டில மட்டும், கிணறு வத்தாத வீடு எண்டதால பக்கத்து வளவு மாமி வீட்டில, மற்ற ஆக்கள் எருவும் விதையும் குடுக்கிறது, கண்டைப் பிரிச்சு எடுக்கிறது. ஒரு வீடு மிளகாய் கூட நட்டா மற்ற வீடு கத்தரி, எல்லாரும் வெண்டி நட்டு எல்லாருக்கும் ஒரே நாள் வெண்டி முத்திப்போற விசர் வேலை முதல் வருசத்தோட முடிஞ்சுது. மிஞ்சிறதை மாமியின்ர மகள் காலமை சைக்கிளில கொண்டுபோய் சந்திக் கடைக்குக் குடுக்கிறாள், மனிசன் இல்லாமல் மூண்டு பிள்ளையளை வளக்கிற பிள்ளை, அந்தக் காசில பெரிய லாபம் எண்டு சொல்லேலாது, ஆனா ரியூசன் காசுக்குக் கைமாத்துக் கேக்கிறது நிண்டுபோச்சு. குப்பை எரிக்கிற புகையும் குறைஞ்சு போச்சு, சருகுக்கு இப்ப அடிபாடு, முந்தி பிரதேச சபை ட்ரக்ரர் எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்த சனம். வயசுபோன ஆக்களுக்கு ஒரு வேலை, அதிலயும் வன்னியில காணி செய்து வளந்து கடைசியில ரவுண் வீட்டு விறாந்தையில ரீவி பாத்துக்கொண்டு இருக்கிற ஆக்களுக்கு. ஐயாவுக்கு ஒழுங்கைக்குள்ள இப்ப போதனாசிரியர் எண்டு பட்டம்.

ஏ9 வீதியால தம்புள்ளை மரக்கறி லொறி வராட்டி சந்தையில மரக்கறி விலை என்ன எண்டு எல்லாருக்கும் தெரியும். எங்கட பத்துப் பன்னிரண்டு வீடு அதை மாத்தப்போறதில்லை, லொறி வராத கிழமையில கறிக்கு என்ன எண்டு யோசிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

விதை எடுக்கிறது கடைசி வேலை. நல்லாக் காய்ச்ச கண்டில நடுக்காய்ப்பில ரெண்டு மூண்டு காயை முத்த விட்டு, வெண்டி பயித்தையைக் கண்டிலயே காயவிட்டு, கத்தரி தக்காளியை நல்லாப் பழுக்க விட்டுக் கழுவி நிழலில காயவைச்சு, சாம்பல் பிரட்டி இறுக்கமான போத்தலில போடுங்கோ. பூசணிக் குடும்பம் பக்கத்து வீட்டுப் பூவோட கலக்கும், அதின்ர விதையை நம்பேலாது. ஆவணியில ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டு விறாந்தையில எல்லாரும் போத்தலோட வந்து பிளேன்ரீயும் குடிச்சு விதை மாத்துறம். போத்தலில பேரும் மாதமும் எழுதுங்கோ, நான் "எனக்குத் தெரியும்தானே" எண்டு எழுதாம விட்ட போத்தலால போன வருசம் மூண்டு வீட்டில கறிமிளகாய் எண்டு நட்டது முழுக்க கொச்சிக்காய், இண்டைக்கும் அந்தக் கதை முடியேல்லை.